லகோட்டா மக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள், கொஞ்சம் நீளமான பதில்கள்

அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பிக்கும் யாரும் முதல் வாரத்திலேயே சிக்கிக்கொள்ளும் இடம் இது. ஒரு புத்தகத்தில் சூ என்று இருக்கும், இன்னொன்றில் டகோட்டா, அடுத்ததில் ஓக்லாலா, அப்புறம் டீட்டன். எல்லாம் ஒரே ஆட்களா, வேறு வேறா என்று யாரும் நிதானமாகச் சொல்லித் தருவதில்லை. எனக்கும் இதைப் பிரித்து அறிய நாளானது. அப்போது எனக்கு வந்த கேள்விகளும், பிறகு மற்றவர்கள் என்னிடம் கேட்டவையும் இங்கே.

சூ, டகோட்டா, லகோட்டா எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றுக்குள் ஒன்று. முதலில் ஒரு பெரிய கூட்டமைப்பு இருக்கிறது. அதற்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் ஓச்செத்தி ஷாக்கோவின். ஷாக்கோவின் என்றால் ஏழு. ஓச்செத்தி என்றால் அடுப்பு. ஆங்கிலத்தில் இதை 'ஏழு சபை நெருப்புகள்' என்று கம்பீரமாக மொழிபெயர்த்துவிட்டார்கள். எனக்கு அடுப்பு என்ற சொல்லே பிடித்திருக்கிறது, ஏனென்றால் அண்ணன் தம்பி பிரிந்தால் 'தனி உலை வைத்துவிட்டார்கள்' என்று சொல்லும் நமக்கு அது சட்டென்று புரியும். உலை ஏழு, உறவு ஒன்று.

அந்த ஏழில் நான்கு, அதாவது மிடவாகன்டன், வாஹ்பெகூட்டே, வாஹ்பெட்டன், சிஸ்ஸெட்டன், கிழக்கே இன்றைய மினசோட்டா பக்கம் இருந்தவை. இந்த நால்வரைச் சேர்த்து சான்டீ என்பார்கள். நடுவில் யாங்டன், யாங்டொனாய் என்று இரண்டு. மேற்கே போன ஏழாவது அடுப்பின் பெயர் டீட்டன். அந்த டீட்டன்கள்தான் லகோட்டா. ஏழில் ஒரு பங்கு என்றாலும், 19ஆம் நூற்றாண்டில் ஆள்பலத்தில் அவர்களே பெரியவர்களாகிவிட்டார்கள். அதனால்தான் 'சூ' என்று எங்கே கண்டாலும் நம் மனதில் லகோட்டாவின் முகம் வருகிறது.

இது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. 1862இல் மினசோட்டாவில் நடந்த போர், அதன் முடிவில் டிசம்பர் 26 அன்று மான்கேட்டோ ஊரில் 38 பேரை ஒரே நேரத்தில் தூக்கிலிட்டது, இதெல்லாம் டகோட்டாக்களின் வரலாறு. அதைக் கொண்டுபோய் லகோட்டாவின் கணக்கில் எழுதினால் தப்பு.

டகோட்டா, லகோட்டா: ஒரு எழுத்துதானே வித்தியாசம்?

ஆமாம், அந்த ஒரு எழுத்துதான் சங்கதி. மொழி ஒன்று, வட்டார வழக்கு வேறு. கிழக்கே 'ட' வருகிற பல இடங்களில் மேற்கே 'ல' வரும். நண்பன் என்பதற்கு அங்கே கோடா, இங்கே கோலா. லகோட்டா என்ற பெயருக்கும் நட்பு, கூட்டணி என்ற பொருள்தான் சொல்வார்கள், கிட்டத்தட்ட 'நம்மவர்கள்'.

பழைய புத்தகங்கள் பலவற்றில் மூன்றாவதாக 'நகோட்டா' என்று போட்டு, யாங்டன்களும் யாங்டொனாய்களும் அப்படித்தான் பேசுவார்கள் என்று எழுதியிருக்கும். அது தவறு. அவர்கள் பேசுவதும் 'ட'தான். 'ந' சொல்பவர்கள் வெகுகாலம் முன்பே பிரிந்து போன அசினிபோய்ன், ஸ்டோனி மக்கள். இந்தப் பிழையை இன்னும் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

'சூ' என்பது திட்டுச் சொல் என்கிறார்களே, உண்மையா?

அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் இல்லை என்பது மட்டும் நிச்சயம். கிழக்கே பக்கத்து வீட்டுக்காரர்களாகவும் பகையாளிகளாகவும் இருந்த அல்கொன்கின் மொழிக்காரர்கள் இவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பிரெஞ்சு வியாபாரிகள் அதைக் கேட்டு, தங்கள் பன்மை விகுதியை ஒட்டி, 'நதூவெசூ' மாதிரி எழுதிவைத்தார்கள். பிறகு தலையை வெட்டி வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த வால்தான் சூ.

மூலச் சொல்லுக்கு 'குட்டிப் பாம்புகள்' என்று பொருள் என்பது எல்லோரும் சொல்லும் கதை. மொழியியலாளர்கள் சிலர் அதை மறுக்கிறார்கள். 'வேற்று மொழி பேசுகிறவர்கள்' என்பதே பொருத்தம் என்பது அவர்கள் வாதம். எப்படியானாலும் அடுத்த வீட்டுக்காரன் வைத்த பட்டப்பெயர்தான். வேடிக்கை என்னவென்றால் ஒப்பந்தங்கள் எல்லாம் அந்தப் பெயரில்தான் எழுதப்பட்டன, ஆகவே சட்டத்தில் இன்றும் அதுதான் செல்லும். தெற்கு டகோட்டாவில் ஓக்லாலாக்கள் வாழும் பைன் ரிட்ஜ் காப்பகத்தின் (காப்பகம் என்றால் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய நிலம்) பழங்குடி அரசுக்கு அதிகாரப்பூர்வப் பெயர் இன்றைக்கும் 'ஓக்லாலா சூ'தான்.

லகோட்டாவுக்குள்ளும் ஏழு பிரிவு என்கிறார்கள். மறுபடியும் ஏழா?

மறுபடியும் ஏழுதான், இங்கேதான் நிறையப் பேர் குழம்புவார்கள். பெரிய ஏழில் ஏழாவது லகோட்டா; அந்த லகோட்டாவுக்குள் தனியாக ஒரு ஏழு.

ஓக்லாலா என்றால் தம்முடையதைத் தாமே சிதறிக்கொள்பவர்கள் என்று பொருள். சிச்சாங்கு என்றால் தொடை வெந்தவர்கள். புல்வெளித் தீயில் மாட்டிக்கொண்டு, ஓடித் தப்பியவர்களுக்குக் கால் வெந்துபோனதால் வந்த பெயர் என்பது அவர்கள் சொல்லும் கதை. பிரெஞ்சுக்காரர்கள் அதை அப்படியே தங்கள் மொழியில் 'ப்ரூலே', அதாவது எரிந்தவர்கள், என்று ஆக்கினார்கள். ஆகவே சிச்சாங்கு, ப்ரூலே இரண்டும் ஒரே ஆட்கள். ஹுங்க்பாபா என்பது முகாம் எப்படி அமைந்திருந்தது என்பதிலிருந்து வந்த பெயர்: கூடாரங்களை வட்டமாகப் போடும்போது வாசல் முனையில் இருப்பவர்கள். பெயர்பெற்ற தலைவர் சிட்டிங் புல் இந்தப் பிரிவு. மினிகோவோஜு என்றால் நீர்க்கரையில் பயிரிடுபவர்கள். வேட்டைக் கூட்டம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறவர்களின் பெயரில் விவசாயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கவனியுங்கள்.

இட்டாசிப்சோ என்றால் வில் இல்லாதவர்கள், ஓஹேநும்பா என்றால் இரண்டு முறை சமைத்தவர்கள் அல்லது இரண்டு கொப்பரைக்காரர்கள். கடைசியாக சிஹாசாபா, கருங்கால் என்று பொருள். இங்கே ஒரு எச்சரிக்கை: மான்டானா, ஆல்பெர்ட்டா பக்கம் 'ப்ளாக்ஃபுட்' என்று ஒரு பெரிய மக்கள் கூட்டம் உண்டு. அவர்கள் மொழி வேறு, குடும்பம் வேறு, லகோட்டாவுடன் சண்டையும் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுமே கருங்கால் என்று ஆகிவிட்டதால் வந்த குழப்பம் அது.

இந்தப் பிரிவுகளுக்குள் ஒரு ராஜா, ஒரு தலைவர் என்று யாராவது உண்டா?

இல்லை. இதைப் புரிந்துகொள்ளாததால்தான் ரத்தமே சிந்தியது.

அடிப்படை அலகு தியோஷ்பாயே, நம் ஊர் பங்காளி, மாமன், மச்சான் எல்லோரும் சேர்ந்த பெரிய குடும்பக் கூட்டம் போல. அதன் தலைவர் நன்றாக வழிநடத்தினால் கூட்டம் இருக்கும், பிடிக்கவில்லை என்றால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு இன்னொருவரோடு சேர்ந்துகொள்ளும். தலைவர் கட்டளை போட முடியாது, எடுத்துச் சொல்லத்தான் முடியும். 1841இல் ஓக்லாலாக்களுக்குள் புல் பேர் என்ற செல்வாக்குள்ள தலைவரை எதிர்த் தரப்பான ஸ்மோக்கின் ஆட்கள் கொன்றார்கள். அந்தக் கைகலப்பில் பின்னாளில் பெரிய தலைவரான ரெட் கிளவுடும் இளைஞராக இருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பிரிவே இரண்டாகி ஒன்று தெற்கே, ஒன்று வடக்கே போனது.

சரி, அமெரிக்க அரசு என்ன செய்தது? 1851 ஃபோர்ட் லாரமி ஒப்பந்தத்தின்போது, பேசுவதற்கு ஒரே ஆள் இருந்தால் வசதி என்று சிச்சாங்குத் தலைவர் கான்க்வெரிங் பேரை எல்லாருக்கும் தலைவர் என்று அறிவித்தது. மூன்று வருடம் கழித்து, 1854 ஆகஸ்டில், மேற்கே போய்க்கொண்டிருந்த மார்மன் குடியேறிகளின் மாடு ஒன்று வழிதவறி முகாமுக்குள் வந்துவிட்டது. அதை அடித்துத் தின்றவர் அங்கே விருந்தாளியாக வந்திருந்த ஒரு மினிகோவோஜுக்காரர். அமெரிக்கப் படையின் லெப்டினன்ட் கிராட்டன் 29 சிப்பாய்களோடும் ஒரு மொழிபெயர்ப்பாளரோடும் பீரங்கியோடும் வந்து, அவரைப் பிடித்துக் கொடு என்று கான்க்வெரிங் பேரை மிரட்டினார். வேறு பிரிவைச் சேர்ந்த விருந்தாளியைப் பிடித்துக் கொடுக்க அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஈடாகக் குதிரை தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை. சுட்டார்கள், கான்க்வெரிங் பேர் படுகாயம் அடைந்து இறந்தார், கிராட்டன் கூட்டம் முழுவதும் அழிந்தது. ஒரு மாட்டுக்காக!

அதற்குப் பழிவாங்க 1855இல் ஜெனரல் ஹார்னி ப்ளூ வாட்டர் ஓடையில் ஒரு சிச்சாங்கு முகாமைத் தாக்கி, பெண்கள் குழந்தைகள் உட்பட 80க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார். அந்த ஹார்னியின் பெயரைத்தான் லகோட்டாக்களின் புனித மலையான பிளாக் ஹில்ஸின் உச்சிக்கு வைத்திருந்தார்கள். 2016இல்தான் அதை மாற்றி, ஓக்லாலா ஞானி பிளாக் எல்க்கின் பெயரை வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள், நூறு வருடத்துக்கு மேல்!

அவர்கள் எப்போதுமே குதிரையில் சமவெளியில் திரிந்தவர்கள்தானே?

சினிமா கொடுத்த படம் அது. 17ஆம் நூற்றாண்டில் அவர்கள் மினசோட்டாவின் ஏரிக்காடுகளையும் அதை ஒட்டிய புல்வெளியையும் சேர்ந்தவர்கள். குதிரை ஐரோப்பியர் கொண்டுவந்தது, தெற்கே ஸ்பானியரிடமிருந்து கைமாறிக் கைமாறி 18ஆம் நூற்றாண்டில்தான் இவர்களிடம் வந்து சேர்ந்தது. கிழக்கே ஓஜிப்வேக்களிடம் பிரெஞ்சுத் துப்பாக்கி, மேற்கே காட்டெருமை மந்தை. தள்ளுவதும் இழுப்பதும் ஒரே திசையில். குதிரைக்கு அவர்கள் வைத்த பெயர் ஷுங்க்கா வக்கான், அதாவது தெய்வீக நாய். அதுவரை சுமை இழுத்தது நாய்தானே.

மிசூரி ஆற்றங்கரையில் அரிக்கரா மக்கள் கோட்டை மாதிரி ஊர்கள் கட்டி விவசாயம் செய்துகொண்டிருந்தார்கள். 1780–81 பெரியம்மை அவர்களைச் சூறையாடியது, லகோட்டாக்களுக்கு ஆற்றுவழி திறந்துவிட்டது. அதன்பின் பிளாக் ஹில்ஸ் பக்கம் போய், அங்கிருந்த கயோவாக்களைத் தெற்கே தள்ளினார்கள், க்ரோ மக்களோடு தலைமுறை தலைமுறையாகச் சண்டையிட்டார்கள். 1804 செப்டம்பரில் அமெரிக்க அரசு மேற்கே அனுப்பிய லூயிஸ், கிளார்க் பயணக் குழு மிசூரியில் ஏறி வந்தபோது படகை மறித்து நின்றவர்களும் லகோட்டாக்கள்தான்; ஆற்று வணிகத்துக்குச் சுங்கம் வசூலிக்கும் வல்லரசு அவர்கள்.

இதைச் சொன்னால் சிலர் உடனே 'அப்படியானால் அவர்களும் பிடுங்கியவர்கள்தானே, வெள்ளையரைக் குறை சொல்வானேன்' என்று கிளம்புவார்கள். எந்த நிலம் யார் கையிலிருந்து யாருக்குப் போகவில்லை? கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டார்களா இல்லையா என்பது வேறு கேள்வி.

எந்த ஒப்பந்தம்?

1868 ஃபோர்ட் லாரமி ஒப்பந்தம். தங்கச் சுரங்கங்களுக்குப் போகும் போஸ்மன் பாதையில் அரசு கோட்டைகள் கட்ட, ரெட் கிளவுட் தலைமையில் இரண்டு வருடம் போர் நடந்தது. 1866 டிசம்பர் 21 அன்று கேப்டன் ஃபெட்டர்மன் உட்பட 81 பேர் ஒரே நாளில் மாண்டார்கள். கடைசியில் அரசு கோட்டைகளைக் காலி செய்தது. அவை எரிந்து முடிந்த பிறகுதான் ரெட் கிளவுட் கையெழுத்துப் போட வந்தார்.

அதன்படி இன்றைய தெற்கு டகோட்டா மாநிலத்தில் மிசூரிக்கு மேற்கே இருப்பது முழுவதும், பிளாக் ஹில்ஸ் உட்பட, லகோட்டாக்களின் காப்பகம். 12ஆவது பிரிவு முக்கியம்: வயது வந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திடாமல் இந்த நிலத்தில் ஒரு துண்டும் கைமாறாது. 1874இல் அமெரிக்கக் குதிரைப்படை அதிகாரி கஸ்டர் ஒரு படையோடு பிளாக் ஹில்ஸுக்குள் போய்த் தங்கம் இருக்கிறது என்று அறிவித்தார். மீதி என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

லிட்டில் பிக்ஹார்ன் போர் பற்றிச் சொல்லவே இல்லையே?

1876 ஜூன் 25, 26. கஸ்டரும் அவர் நேரடியாக நடத்திய ஐந்து கம்பெனிகளும் அழிந்தன. லகோட்டாக்கள் அந்த இடத்தை கிரீஸி கிராஸ், மினுக்குப் புல் ஆறு என்பார்கள். அவர்களோடு வடக்கு ஷையென்களும் அரபாஹோக்கள் சிலரும் இருந்தார்கள். இதைப் பற்றி ஊருக்கு ஊர் எழுதிவிட்டார்கள், நான் நிறுத்திக்கொள்கிறேன். வெற்றி பெற்ற ஒரு வருடத்துக்குள் பிளாக் ஹில்ஸ் பறிபோனது, 1877 செப்டம்பரில் ஓக்லாலா போர்த்தலைவர் கிரேஸி ஹார்ஸ் ராபின்சன் கோட்டையில் காவலில் வைக்கப் போகும்போது குத்திக் கொல்லப்பட்டார், சிட்டிங் புல் கனடாவுக்குப் போய் 1881இல் பசியோடு திரும்பி வந்து சரணடைந்தார் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய செய்தியாகப் படுகிறது.

வுன்டட் நீயில் என்ன நடந்தது?

1889இல் பெரிய காப்பகத்தை ஆறு துண்டாக வெட்டி மீதியைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். காட்டெருமை ஏற்கெனவே இல்லை, உணவுப் பங்கீட்டையும் குறைத்தார்கள். அந்த நேரம் நெவாடாவிலிருந்து பையூட் மக்களைச் சேர்ந்த வொவோக்கா என்பவரின் ஆவி நடனம் பரவியது: ஆடினால் இறந்தவர்கள் திரும்புவார்கள், மந்தைகள் திரும்பும். அதிகாரிகள் இதைக் கலகம் என்று பயந்தார்கள். 1890 டிசம்பர் 15 அன்று சிட்டிங் புல்லைக் கைது செய்யப் போன பழங்குடிப் போலீஸாரே அவரைச் சுட்டார்கள், அவர்களும் லகோட்டாக்கள். பயந்துபோன மினிகோவோஜுக் கூட்டம் ஒன்று ஸ்பாட்டட் எல்க் தலைமையில் பைன் ரிட்ஜ் நோக்கி நடந்தது. தலைவருக்கு நிமோனியா, வண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். படை அவர்களை மறித்து வுன்டட் நீ ஓடையருகே தங்கவைத்தது. டிசம்பர் 29 காலையில் ஆயுதங்களைப் பிடுங்கும்போது ஒரு வேட்டு வெடித்தது. குன்றின் மேல் நின்ற நான்கு ஹாட்ச்கிஸ் பீரங்கிகளும் முழங்கின. 250 முதல் 300 பேர் வரை இறந்தார்கள், பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். சுட்டது கஸ்டரின் பழைய ஏழாவது குதிரைப்படை. அந்தச் சிப்பாய்கள் சிலருக்கு நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கொடுத்தார்கள்.

பிளாக் ஹில்ஸுக்குப் பணம் தருகிறோம் என்றும் வாங்கவில்லையாமே?

1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்த மலை சட்டவிரோதமாக எடுக்கப்பட்டது, இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நான்கில் மூன்று பங்கு எங்கே, மலையை விட்டுக்கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் பத்தில் ஒரு பங்குதான். அசல் சுமார் 1.71 கோடி டாலர், 1877 முதல் வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல். அவர்கள் வாங்கவில்லை. வாங்கினால் விற்றதாக ஆகிவிடும் என்பது அவர்கள் நிலை. பணம் கருவூலத்தில் வட்டி சேர்ந்து இப்போது 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் மிக ஏழ்மையான வட்டாரங்களில் ஒன்று பைன் ரிட்ஜ். அங்கே இருந்துகொண்டு இந்த முடிவில் நிற்பது எனக்கு எப்போதும் வியப்பு.

இன்று எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் தெற்கு டகோட்டாவில். பைன் ரிட்ஜ் ஓக்லாலாக்களுக்கு, ரோஸ்பட் சிச்சாங்குகளுக்கு, லோயர் ப்ரூல் அதே சிச்சாங்கின் இன்னொரு கிளைக்கு. ஷையென் ரிவர் காப்பகத்தில் மினிகோவோஜு, இட்டாசிப்சோ, சிஹாசாபா, ஓஹேநும்பா நால்வரும் (பெயரைப் பார்த்து ஷையென் மக்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அது ஆற்றின் பெயர்). வடக்கு, தெற்கு டகோட்டா எல்லையில் இருக்கும் ஸ்டாண்டிங் ராக்கில் ஹுங்க்பாபாக்கள், கூடவே யாங்டொனாய்கள். 2016இல் எண்ணெய்க் குழாய்க்கு எதிராக 'மினி விச்சோனி', தண்ணீரே உயிர், என்று ஆயிரக்கணக்கானோர் கூடியது அங்கேதான். சிட்டிங் புல்லோடு போய்த் திரும்பாதவர்களின் வழியினர் கனடாவில் சஸ்காட்செவனின் வுட் மவுன்டனில் இருக்கிறார்கள்.

'மேன் அஃப்ரைட் ஆஃப் ஹிஸ் ஹார்சஸ்' என்று ஒரு தலைவர். குதிரைக்குப் பயப்படுகிறவரா?

பாவம், அது மொழிபெயர்ப்பாளர் செய்த வேலை. தஷுங்கே கோக்கிபாப்பி என்றால் 'இவர் குதிரையைக் கண்டாலே எதிரிகள் நடுங்குவார்கள்'. அதைத் தலைகீழாக்கி, வீரரைக் கோழையாக்கிவிட்டார்கள்.

தமிழ் உறவுமுறைக்கும் இவர்கள் உறவுமுறைக்கும் தொடர்பு உண்டாமே?

வம்சத் தொடர்பு இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் லகோட்டாவும் தமிழர்தான் என்று யாராவது பதிவு போட்டுவிடுவார்கள். ஆனால் ஒற்றுமை நிஜம். லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர் உலகம் முழுவதும் உறவுப் பெயர்களைத் திரட்டி 1871இல் வெளியிட்டார். அதில் வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் முறையும் தமிழ் முறையும் ஒத்துப்போவதைப் பார்த்து அசந்துபோனார்.

லகோட்டாவில் அப்பாவுக்கு ஆத்தே. அப்பாவின் சகோதரரும் ஆத்தேதான், நமக்குப் பெரியப்பாவும் சித்தப்பாவும் 'அப்பா' ஆவது போல. அம்மாவுக்கு ஈனா, அம்மாவின் சகோதரியும் ஈனா. ஆனால் அம்மாவின் சகோதரருக்கு லெக்ஷி என்று தனிப் பெயர், அதாவது மாமா. அப்பாவின் சகோதரிக்கும் தனிப் பெயர், அதாவது அத்தை. பெரியப்பா, சித்தி பிள்ளைகள் அண்ணன் தங்கைகள். மாமா, அத்தை பிள்ளைகள் வேறு. இன்னும் ஒரு படி மேலே போய், ஆணுக்கு மைத்துனர் தன்ஹான் என்றால் மாமன் மகன் தன்ஹான்ஷி. நம் மச்சான் என்ற சொல் இரண்டு பேருக்கும் பொருந்துவதை நினைத்துப் பாருங்கள். வித்தியாசம் எங்கே என்றால், மாமன் மகளைக் கட்டும் வழக்கம் லகோட்டாக்களிடம் இல்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்பார்கள்.

அவர்கள் வரலாறு எழுதி வைத்தார்களா, இல்லை எல்லாம் வாய்மொழியா?

இரண்டும் கலந்தது. வனியெட்டு வோவாப்பி, குளிர்காலக் கணக்கு. முதல் பனியிலிருந்து அடுத்த முதல் பனி வரை ஒரு வருடம். அந்த வருடத்தில் மறக்க முடியாதது எது என்று பெரியவர்கள் பேசி முடிவு செய்ய, கணக்கர் தோலில் ஒரே ஒரு படம் வரைவார். அம்மை வந்த வருடம், முதல்முறை இந்த வகைப் போர்வை பார்த்த வருடம் என்று. படம் ஞாபகக் குறிப்பு, மீதிக் கதையைக் கணக்கர் சொல்வார். வேறு வேறு கூட்டங்களின் கணக்குகளை ஒப்பிட ஒரு நல்ல ஆணி இருக்கிறது: 1833 நவம்பரில் வானமே கொட்டியது போல எரிகற்கள் பொழிந்தன. கிட்டத்தட்ட எல்லாத் தோல்களிலும் அது இருக்கிறது, 'நட்சத்திரங்கள் விழுந்த குளிர்காலம்'. அதைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் எண்ணிப் போகலாம்.

செவ்விந்தியர் என்று எழுதலாமா? ஒருவரைச் சந்தித்தால் என்ன சொல்வது?

அந்தச் சொல்லை நான் விட்டுவிட்டேன். சிவப்பும் இல்லை, இந்தியரும் இல்லை. பூர்வகுடி என்று பொதுவாகச் சொல்லலாம், தெரிந்தால் பிரிவின் பெயரையே சொல்வது இன்னும் நல்லது. பெரும்பாலும் அவர்களே 'நான் சிச்சாங்கு லகோட்டா' என்று சொல்லிக்கொள்வார்கள். வணக்கத்துக்கு ஆண்கள் சொல்வது ஹாவ். பெண்கள் ஹான் என்பார்கள், மொழியே பேசுபவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து இப்படிச் சில இடங்களில் மாறும். நன்றிக்கு பிலாமயா. சினிமாவில் வரும் 'ஹவ்' என்று கையைத் தூக்கிக்கொண்டு மட்டும் நிற்காதீர்கள்.